வெள்ளைக் கண்ணி

பிப்ரவரி 9

தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது.

நன்றாக இருக்கிறாயா என்று கேட்டால் 'இப்பத்தான் ஞாபகம் வந்துதா' என்பாய். அதனால் கேட்கவில்லை, கேட்டதாக வைத்துக்கொள். ஆறு வருஷமாகப் போனில் என் நம்பரைப் பார்த்ததும் கவிழ்த்து வைத்துவிடுகிறாய். கடிதத்தைக் கவிழ்த்து வைத்தால் பின்பக்கமும் நான்தான் எழுதியிருப்பேன். வேறு வழியில்லை, படி.

இந்தப் பார்சலில் ஒரு சமையல் கத்தி இருக்கிறது. எட்டு அங்குலம். காய்ச்சி அடித்து, எண்ணெயில் தோய்த்து, பதம் இறக்கி, சாணை பெல்ட்டில் சீவி முடித்துவிட்டேன். கைப்பிடி போடவில்லை. இனிமேல் இருப்பதெல்லாம் உன் வேலை. தேய்க்க வேண்டும், ஆசிட்டில் இறக்க வேண்டும், உள்ளே இருக்கிற வரிகளை வெளியே கொண்டுவர வேண்டும். இப்போதைக்கு அது வெறும் மொட்டை இரும்பு.

யாருக்கு என்று கேட்காதே, ஒரு வாடிக்கையாளர். அவசரம் ஒன்றும் இல்லை. இங்கே தேய்க்க ஆளே இல்லை என்று சொல்லவில்லை. நீ போன பிறகு இரண்டு பேரை வைத்துப் பார்த்தேன். ஒருவர் கத்தியைத் தேய்க்கிறாரா, பாத்திரம் துலக்குகிறாரா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. இன்னொருவர் கத்தியை ஆசிட்டில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். நிதானமாகச் சாப்பிட்டு வந்து பார்த்தால் கத்தி இளைத்துப் போயிருந்தது. நானே தேய்த்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். இந்த ஒன்றை உன் கைதான் தேய்க்க வேண்டும்.

உள்ளே என்ன போட்டு அடித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆசிட்டே சொல்லட்டும்.

இன்னொரு விஷயம். பட்டறையைக் காலி செய்கிறேன். கட்டடச் சொந்தக்காரர் இடித்துவிட்டு மாடி எடுக்கிறாராம். நான்கு தெரு தள்ளி வேறு இடம் கிடைத்துவிட்டது, கூரை இதைவிட உயரம். சாமான்களை ஒழித்துக்கொண்டிருக்கிறேன். ஜன்னலோரம் உன் மேஜை அப்படியே இருக்கிறது. நீ கடைசியாக மரக்கட்டையில் சுற்றிவிட்டுப் போன உப்புத்தாள்கூட அதன் மேலேயே கிடக்கிறது. மேஜையைக் கொண்டுபோகவா, விட்டுவிடவா? ஒரு வார்த்தை எழுது.

அண்ணன்


பிப்ரவரி 17

அண்ணனுக்கு,

பார்சல் வந்தது. பிரிக்காமல் திருப்பி அனுப்பத்தான் தபால் ஆபீசுக்கு எடுத்துப்போனேன். வரிசை தெருவரை நின்றது. கால் வலித்தது. திரும்பி வந்துவிட்டேன். மனசு இளகிவிட்டது என்று நீயாக எதையும் நினைத்துக்கொள்ளாதே.

மற்ற பட்டறைக்காரர்கள் அனுப்புகிற கத்திகளை எப்படிச் செய்து தருகிறேனோ அப்படியே இதையும் செய்து தருகிறேன். மூன்றாவது மாடியில் பால்கனி உள்ள ஒரு வீட்டில் இருக்கிறேன். பால்கனியில் ஒரு பலகை, ஒரு ஸ்டூல், தண்ணீர் வாளி, ஆசிட் ஊற்ற நிமிர்த்தி வைத்த ஒரு பிளாஸ்டிக் குழாய். இது போதும். எதிர்வீட்டு டீச்சர் 'எப்பப் பாத்தாலும் தேச்சுக்கிட்டே இருக்கீங்களே, கை விட்டுப் போகாதா' என்று கேட்கிறார். தேய்க்காமல் இருந்தால் வேறு ஏதாவது விட்டுப் போகும் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

கத்தியின் முனைப் பக்கம் பெல்ட் கீறல் எவ்வளவு ஆழம் என்று பார்த்தாயா? நீ எப்போதும் செய்வதுதான். 'என் தங்கச்சி பாத்துக்குவா' என்று சொல்லிவிட்டுக் கையை உதறிக்கொண்டு போய்விடுவாய். அந்தக் கீறல்களை எடுக்கவே எனக்கு மூன்று நாள் போகும். ஒன்றுகூட மிஞ்சக் கூடாது; மிஞ்சினால் ஆசிட் முதலில் அதைத்தான் பிடிக்கும்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனாலும் எழுதுகிறேன். சில்வண்டுக்கு பைக் வாங்கித் தராதே என்று உன்னிடம் மூன்று முறை சொன்னேன். சமையலறையில் ஒரு முறை, உன் பட்டறை வாசலில் ஒரு முறை, போனில் ஒரு முறை. நீ சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, 'தாய்மாமன் குடுக்கறேன், நீ யாரு குறுக்கே' என்று சிரித்தாய். அவளும் உன்னோடு சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு என் பெண் பதினோரு மாதம்தான் இருந்தாள்.

மேஜையை விறகுக்குப் போடு.


பிப்ரவரி 25

தங்கச்சிக்கு,

நீ திட்டி எழுதிய கடிதத்தை சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு உன் கையெழுத்து. திட்டுக்கூட அழகாகத்தான் இருக்கிறது.

பைக் நான் வாங்கிக் கொடுத்ததுதான். அதை ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. நீ எல்லார் முன்னாலும் கேட்டாய், தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இன்னும் நூறு தடவை கேட்டாலும் அப்படியேதான் நிற்பேன்.

உன் மேஜையை நகர்த்தும்போது அவள் ஞாபகம் வந்தது. கல்லூரி விட்டால் நேராக அங்கேதான் வருவாள். நீ வேலை செய்யும்போதே மேஜை ஓரத்தில் ஏறி உட்கார்ந்து கால் ஆட்டுவாள். மேஜை ஆடும், நீ கத்துவாய். 'மாமா, அம்மா தேய்க்கறதப் பாத்தா கத்திக்கே தூக்கம் வந்துடும்' என்பாள். வாய் ஓயாது. வண்டுக்குக்கூட இரவில்தான் சத்தம், இவளுக்கு நாள் முழுக்க என்று நான்தானே அந்தப் பட்டப்பெயர் வைத்தேன். கடைசியில் அவளை ஆஸ்பத்திரி பதிவில் எழுதும்போது முழுப்பெயர் எனக்குச் சட்டென்று வரவில்லை.

சரி, அதை விடு. எந்த நம்பர் உப்புத்தாள்வரை வந்திருக்கிறாய்? நான் யோசித்துப் பார்த்தேன். ஆசிட்டில் போட வேண்டாம். தேய்த்த மட்டும் போதும், அப்படியே அனுப்பிவிடு. வாடிக்கையாளர் மனசு மாறிவிட்டார். கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகவே இருக்கட்டும் என்கிறார். அவர் ஒரு மாதிரி ஆள்.

இல்லையென்றால் தேய்க்கவும் வேண்டாம். இருக்கிறபடியே திருப்பி அனுப்பினாலும் சரி. அனுப்பு.

அண்ணன்


மார்ச் 6

அண்ணனுக்கு,

நீ வேண்டாம் என்று எழுதிய கடிதம் வந்தபோது அறுநூறு நம்பரில் இருந்தேன். பாதியில் நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. அதோடு, நீ பொய் சொன்னால் எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே உன் பொய்யில் எப்போதும் ஒரு ஆள் அதிகமாக இருப்பார்.

பதினோரு நாள் தேய்த்தேன். ஒரு நம்பரை நீளவாக்கில், அடுத்த நம்பரைச் சாய்வாக. முந்தின கீறல் முழுசாகப் போன பிறகுதான் அடுத்த தாளை எடுத்தேன். ஆயிரம் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, நகப்பூச்சு எடுக்கிற தண்ணீரால் துடைத்தேன். அப்போதுகூட ஒன்றும் தெரியவில்லை. முனையிலிருந்து அடிவரை ஒரே நிறம். பால்கனிக் கம்பியும் என் மூக்கும்தான் தெரிந்தன.

நேற்றுக் காலை ஆசிட்டில் இறக்கினேன். ஒரு பங்கு ஆசிட், மூன்று பங்கு தண்ணீர், பத்து நிமிஷம். எடுத்துச் சோடா உப்புத் தண்ணீரில் முக்கி, பஞ்சால் கருப்பைத் துடைத்தேன். கத்தி முழுக்க செயின். பைக் செயினைத் தகரப் பெட்டிக்குள் சுருட்டி வைத்து, சந்துகளில் இரும்புப் பொடியைக் கொட்டி, பிரஸ்ஸில் அமுக்கி அடித்திருக்கிறாய். நாம் முன்னாலும் இரண்டு செய்திருக்கிறோம். பொடி கருப்பாகவும், செயின் கண்ணிகள் சாம்பல் நிறத்திலும் வந்திருக்கின்றன. அடித்ததில் நீண்டு நசுங்கினாலும், ஒவ்வொரு கண்ணியும் அதன் இரண்டு துளைகளோடு தெளிவாகத் தெரிகிறது. நல்ல வேலை என்று நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு வலது முகத்தைத் திருப்பினேன். நடுவில், விளிம்புக்குச் சுண்டுவிரல் நக அகலம் மேலே, ஒரே ஒரு கண்ணி வெள்ளையாக இருக்கிறது. முதலில் ஆசிட் அங்கே படவில்லை போலிருக்கிறது, என் விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்தேன். மறுபடி கழுவி மறுபடி இறக்கினேன். மற்றதெல்லாம் இன்னும் கறுத்தது. அது மட்டும் வெள்ளி போலவே நின்றது. கெட்டியாகக் காப்பித்தூளைக் கரைத்து அதிலும் நாள் முழுக்க ஊறவைத்தேன். தொடவே இல்லை.

அது நிக்கல் கலந்த பட்டை. வேறு எதுவும் அப்படி நிற்காது. கடையில் விற்கிற எந்த பைக் செயினிலும் அது இருக்காது. நம் பட்டறையில் இருந்தது. கத்தியில் வெள்ளை வரி வருவதற்காக மர மில்லிலிருந்து வாங்கி வந்த பழைய ரம்பப் பட்டை அது. அதைத் துண்டு துண்டாக வெட்டி அளவு வாரியாக அடுக்கி வைத்தவள் நான். அந்தக் கண்ணியை யாரோ கையால் செய்து மாட்டியிருக்கிறார்கள். அப்படிச் செய்கிற கை எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.

அந்தக் கண்ணி இரண்டு துண்டாக இருக்கிறது. நடுவில் ஒரு மயிரிழை கருப்பு. அடிக்கும்போது விட்டது இல்லை, அதற்கு முன்பே உடைந்தது.

அண்ணா, இது எந்தச் செயின்? ஒரு வரி போதும். தமாஷ் வேண்டாம்.


மார்ச் 12

தங்கச்சிக்கு,

அவள் பைக்கின் செயின்தான்.

ஒரு வரி கேட்டாய், எழுதிவிட்டேன். ஆனால் இத்தோடு நிறுத்தினால் மறுபடியும் மறைத்தவன் ஆவேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக்குப் பட்டறைக்கு வந்தாள். 'மாமா, செயின்ல டக்கு டக்குன்னு சத்தம் வருது' என்றாள். பார்த்தேன். ஒரு கண்ணியின் வெளித்தகடு விரிசல் விட்டிருந்தது. எட்டணா சாமான், கடைகளெல்லாம் மூடியிருந்தன. நாளைக்கு மாற்றிக்கொள், இன்று வண்டியை இங்கேயே விட்டுவிட்டு நடந்து போ என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? 'கடைத் தகடு எதுக்கு, மாமன் செய்யறேன் பாரு, செயின் போனாலும் இது போகாது' என்றேன்.

உன் பெட்டியிலிருந்து நிக்கல் பட்டை ஒன்றை எடுத்தேன். வெட்டினேன், இரண்டு துளை போட்டேன், அடுப்பில் சிவக்க வைத்து எண்ணெயில் தோய்த்தேன். அரை மணி நேரத்தில் தகடு தயார். அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தோய்த்த இரும்பு கண்ணாடி போல, தட்டினால் உடையும். மிதமான சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்துப் பதம் இறக்க வேண்டும். எத்தனை ஆயிரம் கத்திக்கு இறக்கியிருக்கிறேன்! அன்று இறக்கவில்லை. பசி. அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்ற அவசரம். வீடுவரைதானே என்று நினைத்தேன். ஆணியைத் தட்டி மாட்டிக் கொடுத்தேன்.

அந்த வளைவில் தகடு உடைந்து, செயின் பின்சக்கரத்தில் சுற்றிப் பூட்டிக்கொண்டது. வண்டியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. விசாரிக்க வந்த போலீஸ்காரர், விழுந்த வேகத்தில் செயின் அறுந்திருக்கிறது என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'அதிவேகம்' என்று போட்டார். சாட்சி யார் என்று கேட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். உன் அண்ணன் அதன் கீழே கையெழுத்துப் போட்டான்.

நாளைக்குச் சொல்லலாம், காரியமெல்லாம் முடியட்டும், உனக்குத் தூக்கம் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். பிறகு நீ பைக்கைச் சொல்லித் திட்ட ஆரம்பித்தாய். இதுவே எனக்கான தண்டனை, இதுவே போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ ஊரைவிட்டுப் போன பிறகு சொல்ல ஆளும் இல்லை.

வண்டியைக் கழித்துவிட்டேன். செயினை மட்டும் மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். காலி செய்யும்போது கையில் வந்தது. தூக்கிப் போட முடியவில்லை. புது இடத்துக்கு எடுத்துப் போகவும் முடியவில்லை. உடைந்த இரண்டு முனையையும் ஒன்றாக வைத்து, நடுவில் வருகிற மாதிரி சுருட்டி, அடித்தேன். அந்தக் கண்ணியை வெட்டி எறிந்திருக்கலாம். எறியவில்லை. அனுப்பிய பிறகு பயம் வந்துவிட்டது, அதனால்தான் வேண்டாம் என்று எழுதினேன்.

வாயைத் திறந்து சொல்ல எனக்கு வரவில்லை. அதைப் படிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.


மார்ச் 20

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது உன்னிடம் சொல்கிறேன். உன் மேல் உள்ள பிரியத்தால் இல்லை. நீ என்ன செய்தாய் என்று உனக்கு முழுசாகத் தெரிய வேண்டும்.

அன்று அவளுக்குப் போன் செய்தேன். சாப்பிட வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் ஒரு மணி ஆகியும் வரவில்லை. 'இன்னும் பத்து நிமிஷத்துல வரலைன்னா எல்லாத்தையும் எடுத்து உள்ளே வெச்சிடுவேன். உன் மாமன் வீட்டுலயே கொட்டிக்கோ' என்று கத்தினேன். என் பெண்ணிடம் நான் கடைசியாகப் பேசிய பேச்சு அது. கொட்டிக்கோ.

பிறகு அந்தத் தாளைப் படித்துக் காட்டினார்கள். அதிவேகம். அன்றிலிருந்து எனக்குச் சந்தேகமே இல்லை. பத்து நிமிஷம் என்று நான் சொன்னேன், அவள் பறந்து வந்தாள். ஆறு வருஷம் அண்ணா. கடிகாரம் ஒன்றரையைத் தொட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். இந்த வீட்டில் சுவர்க் கடிகாரமே மாட்டவில்லை. அவளையும் திட்டியிருக்கிறேன். 'அம்மா கத்தினா என்னடி, அம்மான்னா கத்தத்தான் செய்வா, நீ மெதுவா வந்திருக்கக் கூடாதா' என்று அவள் போட்டோவோடு சண்டை போட்டிருக்கிறேன். செத்துப்போன பெண் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அவளிடம் பதில் இல்லை. உன்னிடம் இருந்தது. டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தாய்.

பைக்குக்காக உன்னைத் திட்டும்போது தலையைக் குனிந்துகொண்டு நின்றாயே. எவ்வளவு பெரிய மனசு என்று நம் சித்தப்பா உன்னைப் பார்த்து அழுதார். சின்னத் தப்புக்குத் திட்டு வாங்கிக்கொண்டு, அதன் பின்னால் பெரிய தப்பை ஒளித்து வைத்திருந்தாய்.

இதைக்கூட ஒரு நாள் பொறுத்துக்கொள்வேனோ என்னவோ. அந்தப் பதினோரு நாளைப் பொறுக்க முடியவில்லை. கட்டைவிரல் தோல் உரிய உரியத் தேய்த்தேன். ஒரு கீறல் மிஞ்சக் கூடாது என்று வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். நீ வாயால் சொல்ல வேண்டியதை என் கையால் தேய்த்து எடுக்க வைத்தாய்.

இரும்பில் எழுதியது போதும். நீ கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிற ஆபீசுக்குப் போ. உள்ளே இருக்கிறவர் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்து சொல். என் பெண் பேருக்குப் பக்கத்தில் அந்த வார்த்தை இருக்கக் கூடாது. அது முடியும்வரை எனக்கு எழுதாதே.


மே 3

தங்கச்சிக்கு,

முடிந்தது. அதனால் எழுதுகிறேன்.

ஐந்து தடவை போனேன். முதல் நாள் வாசல்வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன், மறைக்கவில்லை. இரண்டாவது நாள் உள்ளே போனேன். பழைய பதிவெல்லாம் வேறு கட்டடத்தில் இருக்கிறதாம். அங்கே போனால் தேட ஆள் இல்லை, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரம் இரும்பு அலமாரியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துப் பிரித்தார் ஒரு அம்மா. என் கையெழுத்து அப்படியே இருந்தது. மை மங்கக்கூட இல்லை.

"இப்ப எதுக்கு சார் இதெல்லாம்? யாரும் கேக்கலையே" என்றார்.

"என் தங்கச்சி கேக்கறா" என்றேன்.

எழுதியதை அழிக்க முடியாதாம். பக்கத்தில் இன்னொரு தாள் வைத்துத் தைக்கலாமாம். ஒரு அதிகாரி எதிரில் உட்கார வைத்தார்கள். சொன்னேன். நான் செய்த தகடு, நான் பதம் இறக்கவில்லை, அதனால் உடைந்தது, அவள் வேகமாகப் போகவில்லை என்று சொன்னேன். இவ்வளவுதான். ஆறு வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "இதனால உங்க மேலயே கேஸ் வரலாம், தெரியுமில்ல?" என்று கேட்டார். தெரியும் என்றேன். கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நகல் உள்ளே வைத்திருக்கிறேன். மூன்றாவது பத்தியைப் பார்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நீ போன் செய்தது எனக்குத் தெரியும். என் எதிரில்தான் எடுத்துப் பேசினாள். நீ என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. அது உன் மனசில் இப்படிக் கிடக்கும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று எழுதத்தான் கை வருகிறது. தெரியவில்லை.

போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். 'அம்மாவுக்குப் பசி மாமா. நான் போய் உக்காந்தாத்தான் அவங்களும் சாப்பிடுவாங்க. கத்திட்டு எனக்கு அப்பளம் ரெண்டு கூட வெப்பாங்க பாருங்க' என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். 'மாமா, பதம் இறக்கணுமே, எவ்ளோ நேரம் ஆகும்? நான் இருக்கேன். அம்மாவுக்குச் சொல்லிடறேன்' என்றாள்.

நான்தான் போ என்றேன். அவளுக்கு அவசரமே இல்லை. எனக்குத்தான் இருந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, நான் கற்றுக் கொடுத்தபடி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் போனாள். தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் மேஜையை விறகுக்குப் போடவில்லை. புது இடத்தில் ஜன்னலோரம் போட்டிருக்கிறேன்.


ஆகஸ்ட் 30

அண்ணனுக்கு,

நகல் கிடைத்தது. மூன்றாவது பத்தியைப் படித்தேன். நான்கு மாதமாக தினமும் ஒரு தடவை படிக்கிறேன். 'வேகமாகச் செல்லவில்லை.' டைப் அடித்தவர் ஒரு எழுத்தை விட்டுவிட்டு மேலே பேனாவால் எழுதியிருக்கிறார். பரவாயில்லை.

அவள் போட்டோவிடம் மன்னிப்புக் கேட்டேன். ரொம்ப நேரம் கேட்டேன். எதிர்வீட்டு டீச்சர் கதவைத் தட்டி 'உடம்பு சரியில்லையா' என்று கேட்டார். என் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். எனக்குப் பெண் இருந்தது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். உட்கார்ந்து முழுசாகக் கேட்டுவிட்டுப் போனார். பிறகு கடைக்குப் போய் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி வந்தேன்.

அப்பளத்தைப் பற்றி எழுதினாயே. அன்று இரண்டு கூடத்தான் பொரித்து வைத்திருந்தேன்.

உன்னை மன்னிக்க எனக்கு வரவில்லை. பொய்யாக எழுதி என்ன பயன்? நல்லவன்தான் நீ, என் பெண்ணைத் தூக்கி வளர்த்தவன்தான். தெருமுனைவரை நின்று பார்த்தாய் என்று எழுதியதைப் படித்து அழுதேன். ஆனாலும் உன் முகத்தை நினைத்தால் அந்தத் தாளில் நீ போட்ட கையெழுத்துத்தான் முன்னால் வருகிறது. என்ன செய்ய?

கத்தியைத் திருப்பி அனுப்பலாமா, ஆற்றில் எறியலாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன். கடைசியில் அடிப்பகுதியில் துணியைச் சுற்றிக்கொண்டு சமையலுக்கு வைத்துக்கொண்டேன். கைப்பிடிக்கு மரம் எதுவும் அனுப்பாதே. நன்றாக வெட்டுகிறது. இதற்குப் பதம் சரியாக இறக்கியிருக்கிறாய்.

கத்தி தீட்டத் தீட்டத் தேயும், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக் கண்ணி விளிம்புக்குச் சுண்டுவிரல் நக அகலம் மேலே இருக்கிறது. வீட்டுச் சமையலுக்கு மாதம் ஒரு தடவை கல்லில் தீட்டினால், விளிம்பு அங்கே போய்ச் சேர இருபது வருஷம் ஆகும். அப்போது உனக்கு எழுபத்தெட்டு, எனக்கு எழுபத்து மூன்று. அந்த உடைந்த இடம் விளிம்பைத் தொட்டதும் அங்கே பெயர்ந்துவிடும். கத்தி அன்றோடு முடிந்தது. அன்றைக்கு உனக்கு எழுதுகிறேன், கிளம்பி வா. அதற்கு முன்னால் வராதே, என்னால் முடியாது.

மேஜை மேல் சாமான் எதையும் அடுக்கி வைக்காதே. பலகை வளைந்துவிடும்.

மாதம் ஒரு தடவை என்று கணக்குப் போட்டேனே ஒழிய, வாரம் ஒரு தடவை கல்லை எடுத்துவிடுகிறேன். நேற்று வெங்காயம் நறுக்கினேன். கத்தி நன்றாகத்தான் வெட்டியது. ஆனாலும் பால்கனியில் உட்கார்ந்து தீட்டினேன்.